கலைச்சொல்: ‘சிவியர்’ சைக்ளோனுக்குத் ‘தீவிர’ போதுமா?

வணக்கம்.

> செய்தித்தாள் எல்லாம் ‘தீவிரப் புயல்’ என்றே எழுதுகிறது. அதையே அகராதியில் ஏற்றிவிடலாமே?

ஏற்றலாம் ஐயா, ஆனால் எனக்கு ஒரு நெருடல். வானிலைத் துறைக்கு இந்தச் சொல் காற்றின் வேகம் மட்டும்தான். மணிக்கு 62 முதல் 88 கி.மீ. வரை வெறும் புயல், 89-ஐத் தொட்டால் ‘சிவியர்’, 118-இல் ‘வெரி சிவியர்’. மழைக்கும் வெள்ளத்துக்கும் இதில் இடமே இல்லை. நம் காதிலோ ‘தீவிர’ என்றால் எல்லாமே மோசம், அது இல்லையென்றால் பயமில்லை என்று விழுகிறது.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் வெறும் புயல்தான். “தீவிரப் புயல் இல்லியாம்” என்று எங்கள் தெருவே நிம்மதியாகப் படுத்தது. நானும் ஸ்கூட்டரைக் கீழேயே விட்டேன். விடிந்து பார்த்தால் சீட் வரைக்கும் தண்ணீர், டிக்கிக்குள் ரேஷன் கார்டு ஊறிக் கிடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியிருந்தது. 2011 டிசம்பர் 30-இல் வந்த ‘தானே’ புயல் வேறு மாதிரி. அதுதான் ‘வெரி சிவியர்’. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது காற்று.

இன்னொரு சிக்கல், ‘புயல் தீவிரமடைந்தது’ என்கிறோம். வலுத்ததா, வகையே மாறியதா?

அதனால் பெயரிலேயே காற்று இருக்கட்டும்: ‘கடுங்காற்றுப் புயல்’.

> புயல் என்றாலே காற்றுதானே, கூறியது கூறல் ஆகாதா?

ஆகாது அக்கா. ‘புயல் என்னும் வாரி’ என்று வள்ளுவர் சொல்வது மழையை. பழந்தமிழில் புயல் என்றால் மேகம், மழை. காற்று பின்னால் வந்து ஏறிய பொருள்.

நீளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவர்கள் யாரும் இதைச் சொல்லப்போவதில்லை. “கூண்டு எத்தனை ஏத்தியிருக்கு?” என்றுதான் கேட்பார்கள், துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணே அவர்களுக்குக் கலைச்சொல். ‘கடும்புயல்’ என்று சுருக்கலாம், ஆனால் காற்று போய்விடும், பழைய கதைதான்.

‘வெரி சிவியர்’ என்பதில் ‘வெரி’க்கு மிக, அதற்கும் மேலான ‘எக்ஸ்ட்ரீம்லி சிவியர்’ என்பதில் ‘எக்ஸ்ட்ரீம்லி’க்கு அதி. மிக கனமழை, அதி கனமழை என்று ஏற்கெனவே பழகிய வரிசை, கலைக்க வேண்டாம். அப்புறம், அகராதிப் பதிவில் 89 கி.மீ. என்ற எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.