வரத்துக்குடல், விரிகுழல்: இரண்டு சொற்கள்

வணக்கம் நண்பர்களே,

கணையப் புற்று அறுவைக்குப் பின் சிறுகுடலில் வரும் ஓர் அடைப்புக்கு (ஆங்கிலத்தில் afferent loop obstruction) தமிழ்ச்சொல்லாக நம் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த 'உட்செல் குடல்வளைய அடைப்பு' பொருளளவில் சரிதான். ஆனால் படிப்பவர் அதைச் சாப்பாடு உள்ளே செல்லும் வழி என்றே எடுத்துக்கொள்வார். ஆபத்து அங்கேதான்.

கணையப் புற்றுக்குச் செய்யும் விப்பிள் அறுவையில் கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை எல்லாம் போய்விடும். மிச்சக் கணையத்தையும் பித்தக்குழாயையும் மேலே கொண்டுவந்த சிறுகுடலோடு தைப்பார்கள். இரைப்பையை அதே குடலில் சற்றுக் கீழே சேர்ப்பார்கள். ஆக, மேல்துண்டில் ஓடுவது பித்தநீரும் கணையநீரும்தான். சோறு போகும் வழி வேறு. புற்று திரும்பி வந்தோ தழும்பு இறுகியோ அந்தத் துண்டு அடைபட்டால், ஆள் சாப்பிடக்கூடும், வெளிக்கும் போகக்கூடும். ஆனால் கண் மஞ்சளாகும், குளிர்காய்ச்சல் வரும், மேல்வயிறு வலிக்கும்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்கும் திருச்சூருக்கும் வைத்தியத்துக்குப் போய்வரும் நம் குடும்பங்களிடம் வெறும் 'குடல் அடைப்பு' என்று எழுதிக் கொடுத்தால், "வெளிக்கு ஒழுங்காப் போறாரே, என்ன அடைப்பு?" என்றுதான் கேட்பார்கள். வெறும் மஞ்சள்காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாளைக் கடத்துவார்கள். தேங்கிய பித்தநீரில் கிருமி ஏறினால் உயிருக்கே ஆபத்து.

அதனால் 'வரத்துக்குடல் அடைப்பு' என்று சொல்லலாம் என்கிறேன். நம் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் ஏரிக்கு வரத்து வாய்க்கால் எது என்று தெரியாத விவசாயி உண்டா? வரத்து அடைபட்டால் நீர் பின்னால் தேங்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரைப்பையிலிருந்து சோறு இறங்கிப்போகும் கீழ்த்துண்டுக்குப் 'போக்குக்குடல்' என்ற இணைச்சொல்லும் தானாக அமைகிறது.

அடுத்து ஸ்டென்ட், அதாவது அடைபட்ட இடத்தைத் திறந்து வைக்க உள்ளே பொருத்தும் குழல். ஊரில் 'ஸ்பிரிங் வைத்திருக்கு' என்பார்கள். அதற்கு 'உறைகுழாய்' என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். உறை என்பது அதைச் சுற்றியிருந்து கழற்றப்படுவது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பிவலையை மெல்லிய உறைக்குள் ஒடுக்கி, அகநோக்கி (எண்டோஸ்கோப்) வழியே, எக்ஸ்ரேயில் பார்த்தபடி அடைப்பைத் தாண்டிச் செலுத்துவார்கள். உறையை இழுத்ததும் வலை தானே விரிந்து நிற்கும். ஆகவே 'விரிகுழல்'. குழல் மலையாளத்திலும் குழல்தான். பாலக்காட்டுச் செவிலியரும் புரிந்துகொள்வார்.

அறுவைக்குப் பின் குடல் வளைந்து, அகநோக்கி அடைப்புவரை எட்டாமலும் போகும். அப்போது மீயொலியில் (அல்ட்ராசவுண்ட்) பார்த்து, இரைப்பைச் சுவரைத் துளைத்து, இரைப்பையை வீங்கிய வரத்துக்குடலோடு ஒரு விரிகுழலால் நேரே இணைப்பார்கள். அதற்கு 'இணைப்பு விரிகுழல்' என்று தனிச்சொல் வைக்கலாமா? குறுக்குவழி என்பதைக் காட்டும் வேறு சொல் இருந்தாலும் சொல்லுங்கள்.

நோயாளிக் குறிப்பில் இப்படி எழுதிப் பார்த்தேன்: 'வரத்துக்குடலில் விரிகுழல் வைக்கப்பட்டுள்ளது. மறுபடி காய்ச்சலோ மஞ்சளோ கண்டால் விரிகுழல் அடைத்திருக்கலாம், அன்றே வரவும்.'