தாழ்வைச் சொல்லும் நம் தோட்டத்துச் சொற்கள் தேவை

வணக்கம் உறவுகளே. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். தரம் 9 பிள்ளைகளுக்காகத் தாழ்வைக் குறிக்கும் சொற்களைத் திரட்டுகிறேன். பள்ளம், சோர்வு, ஈனம் எல்லாம் எழுதியாயிற்று. என்னை நிறுத்திய சொல் 'கயம்'. ஆழமான நீர்நிலையும் கயம், கீழ்மையும் கயம். திருக்குறளின் 108ஆம் அதிகாரம் கயமை.

அப்புறம் நம்முடைய 'பணிய'. தோட்டத்து வரிசை வீடுகளான லயம் பள்ளத்தில் இருந்தால் பணிய லயம் என்கிறோம். அதோடு ஒட்டிய பணிவோ உயர்ந்த குணம்! "நாங்க பணிய லயத்து ஆளுங்க சேர்" என்று தலைகுனிந்து சொன்ன பிள்ளைக்கு இதைக் காட்ட வேண்டும்.

மனம் சோர்ந்து கிடப்பதை உங்கள் அப்பாயி, அம்மாயி எப்படிச் சொல்வார்கள்? பேச்சில் வருகிறபடியே எழுதி அனுப்புங்கள், எந்தப் பக்கத்துச் சொல் என்பதையும் சேர்த்து.