பக்கத்தையலில் உள்ளே துணி விட்டால் அது வீணா? குர்தா அசைன்மென்டுக்கு யோசனை வேண்டும்

தக்கலைக்காரி:

நாகர்கோவிலில் ஃபேஷன் டிசைன் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. இந்த வாரம் முழுக்க பேட்டர்ன் கட்டிங். காலையில் பிரவுன் பேப்பரில் பாடிஸ் பிளாக் (மேலுடம்புக்கான அடிப்படை வடிவம்), மதியம் அதையே காடாத்துணியில் வெட்டி டம்மி பொம்மையில் மாட்டிப் பார்ப்பது. டாட்டை (உடம்பு வளைவுக்காகத் துணியில் பிடிக்கிற மடிப்பு) நகர்த்துகிற பாடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மார்பு முனையில் பென்சிலை ஊன்றி பிளாக்கைத் திருப்பினால் தோளில் இருந்த டாட் பக்கத்துக்குப் போய்விடுகிறது. உடம்பளவில் நூலிழை மாற்றமில்லை. பள்ளிக்கூடத்தில் ஜியாமெட்ரியை இப்படி நடத்தியிருந்தால் நான் ஒழுங்காகப் படித்திருப்பேன்.

வியாழக்கிழமை முதல் சஸ்டெய்னபிள் டிசைன். வழக்கமான கட்டிங்கில் துணியில் சுமார் 15 சதவீதம் வெட்டுத்துணியாகத் தரையில் விழும் என்றார் சார். சேலை, முண்டு, ஜப்பானின் கிமோனோ, வடக்கத்திப் பழைய குர்தா, எல்லாமே துணியின் அகலத்தை மதித்து உருவானவை என்று படம் போட்டுக் காட்டினார். அசைன்மென்ட்: இரண்டே கால் மீட்டர் கைத்தறியில் ஒரு துண்டும் வீணாகாமல் ஒரு குர்தா. கூடவே ஒரு பக்க டிசைன் கதை. வகுப்பில் பாதிப்பேர் நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்த 1859 தோள்சீலை ஆணையை எழுதிவிட்டார்கள், அதனால் நான் வேறு பார்த்துக்கொள்கிறேன்.

என் கட்டிங் இது. துணி 44 இஞ்ச் அகலம், 88 இஞ்ச் நீளம். நடுப்பட்டை 16 அகலத்தில் முழு நீளம். முன்னும் பின்னும் ஒரே துண்டு, தோளில் வெட்டே கிடையாது. கழுத்துக்கு வளைவாக வெட்டாமல் ஒரு கீறல் போட்டு உள்ளே மடிக்கிறேன். மீதி 28 அகலத்தில் முதல் 20 இஞ்ச் நீளம் இரண்டு கைகளுக்கு, ஒவ்வொன்றும் 14 அகலம். அடுத்த 34 இஞ்சில் 14 அகலமாக இரண்டு பட்டை. ஒவ்வொன்றையும் சாய்வாக வெட்டினால் மேலே 4, கீழே 10 என்று மொத்தம் நாலு பக்கத்துண்டு. எல்லாத் தையலுக்கும் அரை இஞ்ச். மார்புச் சுற்று 42 வருகிறது. கடைசியில் 28க்கு 34 ஒரு துண்டு மிஞ்சும். அக்குளுக்கு 4 இஞ்ச் சதுரம் இரண்டு எடுத்தது போக அதில் ஒரு தோள்பையும் தலைக்கச்சையும் தைத்தால் தரையில் ஒன்றும் விழாது.

சார் ‘பலே’ என்றார். வீட்டில் அம்மம்மா காடாத்துணி மாதிரியின் பக்கத்தையலை விரலால் பிரித்துப் பார்த்துவிட்டு, “இது ஒரு வருசத்துக்கு மேல ஒனக்குக் கொள்ளாது” என்றார். அவர் தைத்த பிளவுஸ் எல்லாவற்றிலும் உள்ளே ஒன்றரை இஞ்ச் இருக்கும். அம்மா தன் கல்யாண பிளவுஸை இரண்டு தடவை பிரித்துவிட்டு இன்னும் போடுகிறாள்.

இப்போது என் சந்தேகம்: உள்ளே சும்மா கிடக்கிற துணியும் வேஸ்ட் கணக்கில் வருமா? வராது என்றால், இந்த லேஅவுட்டில் அதை எங்கிருந்து எடுப்பது?

திருப்பூர் மார்க்கர்:

சொந்த ஊர் குலசேகரம், பிழைப்பு திருப்பூரில், கட்டிங் செக்‌ஷன். எங்களிடம் கேட்டால் உள்ளே விடுகிற துணி சுத்த வேஸ்ட் தங்கச்சி. கம்ப்யூட்டரில் மார்க்கர் (துணியில் துண்டுகளை நெருக்கி அடுக்கும் வரைபடம்) போடும்போது ஒரு பீசுக்கு ஒரு சென்டிமீட்டர் மிச்சம் பிடித்தாலும் ஆயிரக்கணக்கான பீசில் அது ரோல் ரோலாக நிற்கும். அளவு கூடினால் பிரித்துவிட வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கிற எந்த பையரும் கேட்டதில்லை. அடுத்த சட்டை வாங்குவார்கள் என்பதுதான் அவர்கள் கணக்கு.

இன்னொன்று, தரையில் விழுந்ததெல்லாம் குப்பைக்குப் போவதில்லை. பனியன் வெட்டுத்துணியை நிறம் பிரித்து, கிழித்து, பஞ்சாக்கி, மறுபடி நூலாக நூற்கிற மில்கள் இங்கே நிறைய. அதிலும் தேறாதது மெக்கானிக் ஷெட்டில் கை துடைக்கப் போகும். பாலியஸ்டர் கலந்துவிட்டால்தான் கஷ்டம்.

வெட்டுத்துணியை மட்டும் வைத்து சஸ்டெய்னபிள் என்று மார்க் போடுவதும் எனக்கு ஒப்பவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நொய்யலில் கலந்த சாயத்தண்ணீரால். அன்று ஊரே ஸ்தம்பித்தது. உன் துணி சாயம் போடாத வெள்ளைக் கைத்தறி என்றால், உன் கட்டிங்கை விட அது பெரிய விஷயம்.

வடசேரித் தறி:

மூன்று தலைமுறையாகத் தறி. பாப்பா, நீ 44 என்று எழுதியிருப்பது கடைக்காரர் சொன்ன அளவா, டேப் வைத்துப் பார்த்ததா? கைத்தறியில் கரைக்குக் கரை எல்லா இடத்திலும் ஒரே அகலம் நிற்காது. அப்புறம் அதில் கஞ்சி இருக்கிறது. ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் காயவைத்து, பிறகு அள. நீளத்திலும் அகலத்திலும் சுருங்கியிருக்கும். மில் துணிக்கு வரைகிற மாதிரி முதலிலேயே இஞ்ச் கணக்கு போட்டு, வீணே இல்லாமல் வெட்டிவிட்டு, தைத்தபின் துவைத்தால் அந்த 42 தானாகவே 40 பக்கம் போகும். உன் அம்மம்மா சொன்ன ஒரு வருசம் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

கரையையும் வெட்டி எறியாதே. பிசிர் வராத ஓரம் அது. பக்கத்தையலிலோ கீழ்மடிப்பிலோ கரை வருகிற மாதிரி துண்டைத் திருப்பி வைத்தால் ஓவர்லாக் (ஓரம் பிசிறாமல் அடிக்கும் தையல்) செலவும் மிச்சம்.

மார்த்தாண்டம் டெய்லர் அக்கா:

மக்ளே, அம்மம்மா சொன்னதுதான் சரி. அந்தத் தோள்பை யாருக்கு? எங்கள் கடைக்கு வருகிற காலேஜ் பிள்ளைகள் எல்லாரும் மிச்சத் துணியில் ஒரு பை, ஒரு ஹேர்பேண்ட் என்றுதான் கொண்டுவருகிறார்கள். குப்பையைத் தரையிலிருந்து எடுத்து அலமாரியில் வைப்பதுதான் அது. கேட்காத பையை விட, பிரித்துவிடக்கூடிய தையல் ஆயிரம் மடங்கு மேல்.

துணி உன்னிடமே இருக்கிறது. மீதி 28 அகலத்தில் கை போக 34 நீளம் இரண்டு தடவை வருகிறதல்லவா? ஒரே வரிசையில் 14, 14 என்று எடுக்காதே. வரிசைக்கு 16 அகலத்தில் ஒரு பட்டை எடு. சாய்வாக வெட்டினால் மேலே 5, கீழே 11. பக்கத்துண்டு ஒவ்வொன்றும் 1 இஞ்ச் கூடும், நாலுக்குமாக 4 இஞ்ச். 42ல் தைத்து வை, 46 வரை பிரிக்கலாம். ஒவ்வொரு வரிசையிலும் 12 இஞ்ச் பட்டை மிஞ்சும்; ஜேபி, கழுத்துக்கு உள்பட்டி, அக்குள் சதுரம் எல்லாம் அதில் எடு. நெசவுக்காரர் சொன்னபடி ஊறப்போட்ட பிறகு கணக்கை ஒருமுறை சரிபார்.

வெட்டின சாய்வு ஓரத்தை நடுப்பட்டையோடு சேர். சாய்வு இழுக்கும், நேர் ஓரம் அதைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தையலுக்கு நேர் ஓரம் வரட்டும், பிரிக்கும்போது கோணாது.

தக்கலைக்காரி:

அக்கா, பையை இந்த நிமிடமே ரத்து செய்துவிட்டேன். வடசேரி அண்ணாச்சி, துணி வாளியில் கிடக்கிறது. திருப்பூர் அண்ணன், துணி வெள்ளைதான், நீங்கள் சொன்னதையே டிசைன் கதையில் முதல் பத்தியாக வைக்கப்போகிறேன்.

ஒரு விஷயம் இடிக்கிறது. பக்கத்தைப் பிரித்துவிட்டால் அக்குள் சதுரம் 4 இஞ்சாகவே நிற்குமே? மேலே இறுகி, கீழே மட்டும் தொளதொள என்று ஆகாதா? அப்புறம், வெள்ளைத் துணி நாள்பட மங்கும். உள்ளே இருந்த பாகம் புதுசாகத் தெரியாதா?

மார்த்தாண்டம் டெய்லர் அக்கா:

நல்ல கேள்வி. சதுரத்தை 6 இஞ்சாக வெட்டு. சுற்றிலும் ஒரு இஞ்ச் கூடுதலாக உள்ளே மடிந்து கிடக்கட்டும், பக்கத்தோடு சேர்த்து அதையும் பிரிக்கலாம். கைத் தையலுக்குள் அரை இஞ்ச்தான் இருக்கிறது, பரவாயில்லை, சதுரம் இடம் கொடுக்கும்.

பழைய தையல் கோடு கொஞ்ச நாள் தெரியத்தான் செய்யும். வெள்ளையில் இரண்டு மூன்று துவைப்பில் சமமாகிவிடும். சாயத்துணியில்தான் அது போகவே போகாது, அங்கே கோட்டின் மேல் ஒரு பைப்பிங்கோ கைத்தையலோ போட்டு மறைப்போம்.

ஒன்று மட்டும் மறக்காதே. பக்கத்தையலில் இரண்டு ஓரத்தையும் தனித்தனியாக ஓவர்லாக் போட்டு விரித்து அயர்ன் பண்ணு. சேர்த்து ஒரே ஓட்டாக ஓட்டிவிட்டால், பின்னாடி பிரிக்க உட்காருகிறவள் உன்னைத் திட்டிக்கொண்டேதான் பிரிப்பாள்.