32-பிட் நெட்புக்: ஓஎஸ் எத்தனை வருடம் தாங்க வேண்டும்?

கடைக்கணக்கு:
எங்கள் மளிகைக் கடையில் 2009-ல் வாங்கிய நெட்புக் ஒன்று இருக்கிறது. இன்டெலின் ஆட்டம் என்270 என்ற 32-பிட் சிப், 2 ஜிபி ரேம். நடுவில் ஒரு எஸ்எஸ்டி மாற்றினேன், அவ்வளவுதான் செலவு. டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓஎஸ் ஏற்றியிருக்கிறேன், அப்பா கடன் கணக்கும் சரக்குப் பட்டியலும் தினமும் அதில்தான் எழுதுகிறார், ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32-பிட் கணினிக்கு கர்னலும் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. நன்றாக ஓடுகிற பெட்டியைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. ஒரு ஓஎஸ் பழைய கணினிக்கு எத்தனை வருடம் ஆதரவு தந்தால் நியாயம் என்று நினைக்கிறீர்கள்?

பழையபெட்டி:
வருடத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. இன்டெலின் 386 சிப் 1985-ல் வந்தது, 1991-ல் லினக்ஸ் எழுதப்பட்டதே ஒரு 386-ல்தான், ஆனாலும் 2013-ல் வந்த லினக்ஸ் 3.8 கர்னலில் அதற்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள். அடுத்து வந்த 486 சிப்பில் புதிதாக வந்த சில கட்டளைகள் 386-ல் கிடையாது, அதனால் பல சிபியு சேர்ந்து இயங்கும் பகுதியில் கை வைக்கும்போதெல்லாம் அந்த ஒரு சிப்புக்காகத் தனி வழி எழுத வேண்டியிருந்தது. இன்டெலின் சர்வர் சிப்பான இட்டானியம் கதை வேறு. கடைசி சிப்புகள் 2021-ல் விற்பனைக்குப் போயின, 2024 ஜனவரியில் வந்த 6.7 கர்னலில் அது இல்லை. ஒன்றுக்கு அறிமுகமானதில் இருந்து 28 வருடம், இன்னொன்றுக்குக் கடைசி விற்பனையில் இருந்து மூன்று வருடம்கூட இல்லை. அந்தப் பெட்டியைக் கையில் வைத்துச் சோதித்துப் பார்க்க ஆள் இருக்கிற வரைதான் ஆதரவு, ஆள் இல்லாவிட்டால் அதற்கான நிரல் உடைந்தது கூட யாருக்கும் தெரியாது.

தென்னந்தோப்பு:
டெபியன் மாதிரி ஓஎஸ்ஸைச் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொள்கிற தன்னார்வலர்கள் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், அவர்களிடம் போய் இன்னும் செய் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. காசு வாங்கி விற்கிற நிறுவனத்துக்கு அதே சலுகை கிடையாது. விண்டோஸ் 11 2021 அக்டோபரில் வந்தபோது இன்டெலில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு முந்தையது எல்லாம் ஆதரவுப் பட்டியலுக்கு வெளியே, அதாவது 2017-ல் புதிதாக வாங்கிய பல லேப்டாப்புகளுக்குக் கூட இடம் இல்லை. அதெல்லாம் 64-பிட், பலவற்றில் விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி கூட இருக்கிறது. 386 மாதிரி தனி வழி எழுதும் பாரம் இங்கே எங்கே? புது வசதி தராவிட்டால் போகட்டும், பாதுகாப்புத் திருத்தம் மட்டும், கடைசியாக விற்ற நாளில் இருந்து குறைந்தது பத்து வருடம் தர வேண்டும் என்பேன்.

ஓடைக்கரை:
கடைக்கணக்கு, உங்களுக்கு ஓஎஸ்ஸை விடப் பிரவுசர்தான் முதலில் கை விரிக்கும். குரோம் 32-பிட் லினக்ஸை 2016-லேயே நிறுத்திவிட்டது, ஃபயர்பாக்ஸும் 144-ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது, 140 ஈஎஸ்ஆர் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புக்குத்தான் குறைந்தது 2026 செப்டம்பர் வரை திருத்தம் என்று சொல்லியிருக்கிறார்கள். வங்கி, ஜிஎஸ்டி தளம் எதையும் அதில் திறக்காதீர்கள். கணக்கு மட்டும் என்றால் நெட்டைத் துண்டித்துவிட்டு அப்படியே ஓட்டலாம். வேறு ஓஎஸ் முயல மனம் இருந்தால் நெட்பிஎஸ்டி என்ற இலவச ஓஎஸ் இன்னும் 32-பிட்டுக்கு வருகிறது, அவர்கள் 1970-களில் வந்த வாக்ஸ் கணினியைக் கூடக் கைவிடவில்லை.

கடைக்கணக்கு:
நன்றி. நெட்டில் இருந்து எடுத்துவிட்டு டெபியன் 12-லேயே வைக்கிறேன், அதன் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை இருக்கிறது. ஜிஎஸ்டி வேலை என் லேப்டாப்பில். வாரம் ஒரு முறை கணக்கைப் பென்டிரைவில் எடுத்து வைக்க அப்பாவுக்கு இன்று ராத்திரி சொல்லித் தர வேண்டும்.