கண் முதல், வாய் பிறகு: 15 செக்கன் நடிப்புச் சவால்

கொட்டாஞ்சேனைக் கூத்தன்:
டிக்டொக்கில் 15 செக்கனுக்குள் சிரிப்பிலிருந்து அழுகைக்கு ஒரே டேக்கில் போகிற சவாலில் ஆட்கள் சறுக்குவது அழுகையில் இல்லை, மாறுகிற இடத்தில். சிரிப்பை டக்கென்று நிப்பாட்டி முகத்தைச் சுளித்தால் சுவிச் போட்ட மாதிரி இருக்கும். வாய் சிரித்தபடியே இருக்க, முதலில் கண் நிற்கவேணும். ஒரு செக்கன் சிமிட்டாதீர்கள். பிறகு மூக்கால் சின்னதாக மூச்சை இழுங்கள். உதடு தானாக இறங்கும். இதற்கே இரண்டு மூன்று செக்கன் போய்விடும். ஆகவே 15 செக்கனுக்கு மூன்று உணர்ச்சி போதும். தொல்காப்பியம் சொல்கிற எட்டு மெய்ப்பாட்டையும், அதாவது உடம்பில் வெளியே தெரிகிற உணர்ச்சிகளையும், அடுக்கினால் ஒன்றுக்கு இரண்டு செக்கன்கூட வராது, முகத்துக்கு எக்சசைஸ் செய்கிற மாதிரித்தான் தெரியும்.

மேடை பழகினவர்களுக்கு வேறொரு வில்லங்கம். கடைசி வரிசைக்குத் தெரியவேணும் என்று புருவத்தைத் தூக்கிப் பழகிவிட்டார்கள். ஃபோன் நிற்பது ஒன்றரை அடியில்! பாதியாகக் குறையுங்கள்.

வெள்ளவத்தை லைட்:
கூத்தன் அண்ணா சொல்கிற கண் வேலை தெரிய, கருவிழியில் ஒரு வெளிச்சப் புள்ளி விழவேணும். கொழும்பு காலி முகத்திடலில் பின்னேரம் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுக்கிறார்கள், முகம் கறுத்துப்போகிறது. சூரியன் அந்தப் பக்கம்தானே இறங்குகிறது? கடலைப் பார்த்து நில்லுங்கள். சூரியன் இருக்கும்வரை கண் கூசும். மறைந்த பிறகு பத்து நிமிடம் அருமையான வெளிச்சம், அதோடு சரி.

டிக்டொக்கிற்குள்ளே எடுக்காமல் ஃபோன் கமராவில் எடுங்கள். திரையில் முகத்தின்மேல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ஃபோன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டப்படும். பூட்டாவிட்டால் பின்னால் ஒரு பட்டம் பறந்தாலே முகம் மங்கித் தெளியும்.

வீட்டுக்குள் என்றால் பல்ப் பிரச்சினை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான எல்இடி செக்கனுக்கு 100 தரம் மின்னும். ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கமரா வெளிச்சம் வாங்குகிற நேரம், 1/60 செக்கனில் இருந்தால் படத்தில் வரி ஓடும். 1/50 அல்லது 1/100 வையுங்கள். அந்த வசதி இல்லாத ஃபோன் என்றால் பகலில் ஜன்னலைப் பார்த்து இருப்பதே மேல்.

மைக்_தம்பி:
வசனத்துக்கு வாயசைக்கிறவர்கள் புளூடூத் இயர்ஃபோனைக் கழற்றுங்கோ. சத்தம் காதுக்குப் பிந்தித்தான் வரும், உதடும் பிந்தும். வயர் இயர்ஃபோன், இல்லாவிட்டால் ஃபோன் ஸ்பீக்கர். சொந்தக் குரல் என்றால் கொழும்பின் கடலோர வீதியான மரைன் டிரைவ் பக்கம் போகவே வேண்டாம்: காற்று ஒரு பக்கம், ரயில் ஒரு பக்கம்.

பம்பலப்பிட்டி அக்கா:
கண்ணீருக்குத் தலைவலித் தைலம் பூசுகிற வேலை வேண்டாம் பிள்ளைகள். கண்ணுக்குள் போனால் எரிந்து சிவந்து, அடுத்த டேக்குக்குக் கண்ணே திறபடாது. ஃபேனுக்கு முன்னால் 20, 30 செக்கன் சிமிட்டாமல் இருந்தாலே கண் நனையும். கொன்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் அதுவும் வேண்டாம். கடற்கரையில் கண்ணீர் உடனே காய்ந்துவிடும், அழுகிற காட்சியை உள்ளே எடுங்கள்.

கண்களைத் திரையின் மேல் மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். கீழே தலைப்பு எழுத்தும் வலப்பக்கம் பட்டன்களும் வந்து மறைக்கும். நடுங்குகிற கையைக் காட்டுவதென்றால் இடப்பக்கம் உயர்த்திக் காட்டுங்கள்.