தைராய்டு இருந்தால் கரு நிற்காதா? மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள்

நித்யமல்லி:
வணக்கம் தோழிகளே. வயது 31. எனக்கு ஹைப்போதைராய்டு, அதாவது தைராய்டு குறைவாகச் சுரக்கிறது. அதற்கு தினமும் 50 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறேன். கடைசியாகப் பார்த்ததில் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்) 3.9. குழந்தைக்காக முயற்சி செய்துகொண்டிருக்கிறோம், ஆனால் மாதவிலக்கு அடிக்கடி தள்ளிப்போகிறது. சொந்தத்தில் ஒருவர் "தைராய்டு இருந்தால் கரு தங்காது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இன்னொருவர், நாள் தள்ளிப்போனதுமே மாத்திரையை நிறுத்திவிடு, குழந்தைக்கு ஆகாது என்கிறார். ரிப்போர்ட்டில் நார்மல் என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் டாக்டர் டோஸைக் கூட்டச் சொல்கிறார். நார்மல் என்றால் ஏன் கூட்ட வேண்டும்? யாரை நம்புவது என்றே தெரியவில்லை, தூக்கமும் போய்விட்டது.

இளவேனில்:
நித்யா, முதலில் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். வயிற்றில் வளரும் குழந்தையின் தைராய்டு சுரப்பி கிட்டத்தட்ட 12 வாரம் வரை வேலையே செய்யாது, அதன் பிறகும் முழுதாகச் சுரக்க 18, 20 வாரம் ஆகிவிடும், அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஹார்மோன் அம்மாவிடமிருந்துதான் போக வேண்டும். நீங்கள் சாப்பிடுவது உடம்பு தானே சுரக்க வேண்டிய அதே ஹார்மோன்தான். நிறுத்தினால்தான் கருச்சிதைவு, குறைப்பிரசவம் எல்லாம் வர வாய்ப்பு கூடும்.

டாக்டர் சொல்வதும் சரிதான். லேபில் போடும் நார்மல் பொதுவாக எல்லோருக்குமானது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் கருத்தரிக்கத் திட்டமிட்டால் டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே இருப்பது நல்லது என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதலே சொல்கிறது. தைராய்டு குறைந்தால் சிலருக்கு தாய்ப்பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ஏறி, முட்டை சரியாக வெளிவராமல் போகும், மாதவிலக்கு தள்ளிப்போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். டோஸைச் சரிசெய்ததுமே சுழற்சி ஒழுங்குக்கு வருபவர்கள் நிறைய. ஆனால் டோஸ் மாற்றிய மறுவாரமே டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்காதீர்கள், அளவு நிலைக்கு வர சுமார் ஆறு வாரம் ஆகும்.

இன்னொன்றை இப்போதே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கரு உறுதியானதும் தேவை கூடும், பொதுவாக 25 முதல் 30 சதவீதம், அதாவது வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது. அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே என்ன செய்வது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதற்றம் இருக்காது. அப்புறம் கர்ப்பத்தின் பாதி வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டெஸ்ட். நான் இதே மாத்திரையோடுதான் இரண்டு பேரையும் பெற்றேன் மா, இருவரும் நன்றாக இருக்கிறார்கள்.

கார்முகில்:
இளவேனில் அக்கா சொன்னது ஹைப்போவுக்கு. எனக்கு ஹைப்பர், அதாவது தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய். எங்கள் கதை வேறு என்பதால் எழுதுகிறேன், யாராவது தேடி வந்து படித்துவிட்டு "தைராய்டு மாத்திரை எல்லாமே பாதுகாப்பு" என்று நினைத்துவிடக் கூடாது. தைராய்டைக் குறைக்கக் கொடுக்கும் கார்பிமசோல், மெத்திமசோல் இரண்டும் கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பைக் கூட்டும். அதனால் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், தேவைப்பட்டால் பி.டி.யூ. என்ற மருந்துக்கு மாற்றுவார்கள். நாமாக நிறுத்துவதும் ஆபத்துதான். இதே நோய்க்கு ரேடியோ அயோடின் என்ற கதிரியக்கச் சிகிச்சை எடுத்தவர்கள் குறைந்தது ஆறு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்.

தாமரை:
நித்யா, டி.பி.ஓ. ஆன்டிபாடி (உடம்பு தன் தைராய்டுக்கு எதிராகவே உண்டாக்கும் எதிர்ப்பொருள்) பார்த்தீர்களா? அது இருந்தால் கருச்சிதைவு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்பார்கள். எனக்கு ஆன்டிபாடி உண்டு, ஆனால் டி.எஸ்.எச். சரியாகவே இருந்தது. முன்னெச்சரிக்கையாக மாத்திரை தொடங்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் டாக்டர். 2019-ல் வெளிவந்த 'டேப்லெட்' என்ற பிரிட்டிஷ் ஆய்வில், என்னைப் போல் அளவு சரியாக இருந்து ஆன்டிபாடி மட்டும் உள்ள பெண்களுக்கு 50 மைக்ரோகிராம் கொடுத்துப் பார்த்தும் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடவில்லையாம். உங்களுக்குத் தைராய்டே குறைவு, அதனால் இது உங்களுக்குப் பொருந்தாது, நீங்கள் சாப்பிட்டே ஆக வேண்டும்.

ஒன்று கோபமாகவே சொல்கிறேன். தைராய்டு என்று தெரிந்த நொடியிலிருந்து எல்லாப் பழியும் பெண் தலையில்தான். உங்கள் கணவர் விந்துப் பரிசோதனை செய்துவிட்டாரா? அது எளிய டெஸ்ட், ஆரம்பத்திலேயே முடித்துவிட வேண்டும். 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம் முயன்றும் நிற்காவிட்டால் மருத்துவரைப் பார்ப்பார்கள், ஆனால் உங்களுக்கு மாதவிலக்கே ஒழுங்கில்லை, அதனால் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள்.

நித்யமல்லி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி, படிக்கும்போதே அழுதுவிட்டேன். இன்றே டோஸைக் கூட்டிவிடுகிறேன். அவரும் டெஸ்ட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஒரு சந்தேகம், இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள், காலையில் இரண்டையும் சேர்த்தே போட்டுக்கொள்ளலாமா?

இளவேனில்:
கூடவே கூடாது. இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது, குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு, இரும்பு மாத்திரையை இரவுக்கு மாற்றிவிடுங்கள். முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் வைட்டமின் ஏதாவது எடுத்தால் ரத்தம் கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள், ரிசல்ட்டே மாறிவிடும். அடுத்த ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள் மா.