குளிர்ந்த காலையில் மட்டும் தொல்லை தரும் கார் வானொலி

கேள்வி: ரிங்லெட் வாசி

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டை அடுத்த தேயிலைத் தோட்டத்தில் குடியிருக்கிறேன். விடிவதற்கு முன்பே தொழிற்சாலைக்குக் கிளம்ப வேண்டிய வேலை. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து என் பழைய காரின் வானொலி காலை நேரத்தில் மட்டும் பழுதாகிறது. சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யும்போது வானொலி அணைந்து, மீண்டும் எரியும்போது கடிகாரம் பன்னிரண்டு மணியைக் காட்டுகிறது. பதிந்து வைத்த நிலையங்கள் அனைத்தும் அழிந்துவிடுகின்றன. தமிழ் நிலையமான மின்னல் எஃப்எம்மை மறுபடியும் தேடிப் பிடித்தாலும், தொழிற்சாலையை அடையும்வரை இரைச்சல்தான் கேட்கிறது. வெயில் ஏறிய பிறகு, வீட்டு வாசலில் அதே இடத்தில் நிறுத்திக் கேட்டால் ஒலி தெளிவாக இருக்கிறது. தாப்பாவுக்கு இறங்கி ஒரு பட்டறையில் காட்டியபோது அங்கிருந்த வெப்பத்தில் எந்தக் குறையும் வெளிப்படவில்லை. குளிர் தாங்காத பெட்டி, மாற்றிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உடன் வரும் என் தாயாருக்குக் காலைச் செய்தியும் பழைய பாடல்களும் வேண்டும் என்பதால் எப்படியும் சரிசெய்தாக வேண்டும். பெட்டியை மாற்றுவதுதான் வழியா?

பதில்: ஹாபு மின்பணியாளர்

தம்பி, பெட்டியை இப்போது மாற்ற வேண்டாம். நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1978 பிப்ரவரியில் இதே கேமரன் மலையில் அளக்கப்பட்ட 7.8 பாகை செல்சியஸ். நம்முடைய வழக்கமான விடியற்காலையோ பதினைந்து பாகையை ஒட்டியே இருக்கும். கார் வானொலிகள் உறைநிலைக்கு வெகு கீழேயும் வேலை செய்யும்படி தயாரிக்கப்படுகின்றன. பனி கொட்டும் நாடுகளில் திரையின் எழுத்துகள் மந்தமாக மாறுவது உண்டு, ஆனால் அதற்கு உறைநிலைக்கு வெகு கீழே போகும் குளிர் வேண்டும். ஆகவே நம் ஊர்க் குளிர் பெட்டியைக் கெடுக்கவில்லை. ஏற்கெனவே தளர்ந்துபோன ஏதோ ஒன்றை அந்தக் குளிரும், அதைவிட முக்கியமாக அதனுடன் வரும் ஈரமும் வெளியே கொண்டுவருகின்றன.

நீங்கள் சொல்வதில் இரண்டு வெவ்வேறு பழுதுகள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கடிகாரம் அழிவதை முதலில் பாருங்கள். பெரும்பாலான வானொலிகளுக்கு இரண்டு மின்வயர்கள் செல்கின்றன: சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் சிவப்பு வயர், எந்நேரமும் மின்சாரம் இருக்கும் மஞ்சள் வயர். ஸ்டார்ட் செய்யும் நொடியில் சிவப்பு வயருக்கான இணைப்பு இயல்பாகவே துண்டிக்கப்படும் என்பதால், வானொலி ஒரு கணம் அணைவதில் குற்றமில்லை. நேரமும் நிலையங்களும் மஞ்சள் வயரின் தயவில் இருப்பவை; அவை அழிகின்றன என்றால் அந்த நொடியில் மஞ்சள் வயரிலும் மின்னழுத்தம் சரிகிறது என்று பொருள். பேட்டரி தளர்ந்திருக்கலாம், அல்லது அதன் முனையில் இணைப்பு மோசமாக இருக்கலாம். குளிரில் எஞ்சின் எண்ணெய் கெட்டிப்படுவதால் ஸ்டார்ட்டர் மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்கிறது, பேட்டரியின் திறனும் அதே வேளையில் குறைகிறது. அதனால்தான் நண்பகலில் தெரியாத குறை விடியலில் தெரிகிறது.

ஒரு மல்டிமீட்டர் கிடைத்தால் விடியற்காலையில், காரைத் தொடுவதற்கு முன், பேட்டரியை அளந்து பாருங்கள். முழுமையாக மின்னேறிய பேட்டரி 12.6 வோல்ட் அளவில் நிற்கும், 12.2 என்றால் பாதிதான் மீந்திருக்கிறது. பிறகு வேறு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு மீட்டரைக் கவனியுங்கள். பத்து வோல்ட்டுக்கு வெகு கீழே போனால் பேட்டரியின் மீது சந்தேகம் கொள்ளலாம். பேட்டரியில் அளவு நன்றாக இருந்தும் வானொலிக்குப் பின்னால் மஞ்சள் வயரில் குறைந்தால், வழியிலுள்ள ஃபியூஸ், இணைப்பான், தரை வயர் (எர்த்) ஆகியவற்றைத் தேட வேண்டும்.

பதில்: பீடோர்க்காரன்

இரைச்சலுக்கு மலைதான் காரணம், அண்ணே. எஃப்எம் அலை நேர்கோட்டில் செல்வது. பள்ளத்தில் இறங்கினால் மறைந்துவிடும். மூடுபனி வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பதில்: ஓய்வுபெற்ற வானொலிப் பழுதுநீக்குநர், ஈப்போ

பீடோர் நண்பர் சொல்லும் மலை மறைப்பு உண்மையானது. தாப்பாவிலிருந்து ஏறும் வழியில் ஒரு வளைவில் பாடும் நிலையம் அடுத்த வளைவில் ஊமையாவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் மலை காலையிலும் மாலையிலும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. வாசலில் அதே இடத்தில் காலையில் இரைச்சலும் பகலில் தெளிவும் கிடைப்பதாகக் கேள்வியிலேயே எழுதியிருக்கிறார். மூடுபனியோ எஃப்எம் அலையை நம் காதுக்குத் தெரியும் அளவுக்குத் தடுப்பதில்லை, ஏனெனில் அலையின் நீளம் ஏறத்தாழ மூன்று மீட்டர், பனித்துளியோ கண்ணுக்கே தெரியாதது. எனவே ஏரியலைத்தான் பார்க்க வேண்டும்.

கூரையிலோ முன்பக்கத் தகட்டிலோ உள்ள ஏரியலின் அடிப்பகுதியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது காய்ந்து வெடித்தால் மழைநீரும் பனிநீரும் உள்ளே இறங்கி, கேபிளின் நடுக்கம்பிக்கும் அதைச் சுற்றியுள்ள வலைக்கும் இடையே ஈரப் பாலம் ஒன்றை அமைத்துவிடும். வெயிலில் கூரை சூடேறினால் அது உலர்ந்துவிடும், பழுதும் மறைந்துவிடும். இதை உறுதிசெய்யச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. இரைச்சல் இருக்கும் நேரத்தில் வானொலியை வெளியே இழுத்து, ஏரியல் செருகியைக் கழற்றி, அந்தத் துளையின் நடுவில் 75 சென்டிமீட்டர் நீளமுள்ள சாதாரண வயரைச் செருகி, சன்னலோரமாகத் தொங்கவிடுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளத்தில் அது கால் பங்கு. நிலையம் தெளிந்தால் பெட்டி குற்றமற்றது. தெளியாவிட்டால், பெட்டியின் உள்ளே பற்றவைப்பு விரிசல் இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டிவரும். பெட்டியை விரலால் தட்டினால் ஒலி வந்து போகுமானால் அது ஏறக்குறைய நிச்சயம்.

எண்ணெய் ஸ்பிரேயை இணைப்புகளில் அடிக்காதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மின்முனைகளுக்கென விற்கும் துப்புரவுத் திரவத்தையே பயன்படுத்துங்கள்.

பதில்: ரிங்லெட் வாசி

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. விடியலில் பேட்டரி 12.5 வோல்ட் காட்டியது, ஸ்டார்ட் செய்தபோதும் பத்துக்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் பேட்டரியின் எதிர்முனையிலிருந்து (நெகட்டிவ்) காரின் உடற்பகுதிக்குச் செல்லும் தரை வயரின் போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி படிந்திருக்கிறது. வயரைச் செருகிய உடனே மின்னல் எஃப்எம் தெளிவாகக் கேட்டது. அம்மாவே திரும்பிப் பார்த்தார்.

பதில்: ஹாபு மின்பணியாளர்

அப்படியானால் அந்தப் போல்ட்தான் கடிகாரத்தை அழிக்கிறது. பேட்டரி வாங்கும் செலவும் மிச்சம். முதலில் எதிர்முனையைக் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது அதுவே கடைசி. போல்ட்டை அவிழ்த்து, சமையல் சோடா கரைத்த நீரால் பொடியைக் கழுவி, நன்றாக உலர்த்தி, வயரின் வளையமும் உடற்பகுதித் தகடும் பளபளக்கும்வரை மணற்காகிதத்தால் தேய்த்து, இறுக முடுக்கிய பின் மேலே வாஸ்லின் களிம்பைப் பூசுங்கள். சில வானொலிகள் பேட்டரியைக் கழற்றினால் இரகசிய எண்ணைக் கேட்கும் என்பதால், அந்த எண் உங்களிடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஏரியலுக்கு ரப்பர் வளையத்தை மட்டும் மாற்றினால் போதாது, தம்பி. ஈரம் ஏறிய கேபிளின் வலை உள்ளுக்குள் கறுத்திருக்கும். அடிப்பகுதியையும் கேபிளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.